பெயர் கூறி உண்ணல்: தகடூரின் இலக்கிய நினைவும் இஸ்லாமிய உணவொழுக்கமும்

தகடூர் என்னும் பழம்பெயருடைய தருமபுரி, தமிழிலக்கியத்தில் பெரிதும் உணவின் வழியாகவே நினைக்கப்படுகிறது. அதியமான் நெடுமான் அஞ்சியின் போர்களை மறந்தவரும் அவன் ஔவைக்கு அளித்த நெல்லிக்கனியை மறப்பதில்லை. புறநானூற்றின் 91ஆம் பாடல் அக்கனியின் அருமையை மட்டும் வியக்கவில்லை. அதன் பயனைத் தன்னுள்ளேயே அடக்கிக்கொண்டு, ஒன்றும் கூறாமல் கொடுத்த வாய்வாளாமையையும் சேர்த்தே வியக்கிறது. அவன் இறந்தபின் ஔவை பாடிய 235ஆம் பாடலும் கள்ளிலும் சோற்றிலும்தான் தொடங்குகிறது. சோறு சிறிதாயினும் பெரிதாயினும் பல கலங்களோடு பகிர்ந்து உண்டவன் என்பதே அங்கு அவனுக்குத் தரப்படும் முதற்புகழ்.

இதே நிலப்பகுதியில் இன்று வாழும் முஸ்லிம் குடும்பங்களில் உணவு ஒரு சொல்லோடு தொடங்குகிறது. ‘பிஸ்மில்லாஹ்’ என்று கூறி முதற்கவளத்தை எடுப்பது நபிவழியாகக் கற்பிக்கப்படுகிறது. சிறு குழந்தைக்கு உணவூட்டும்போதே அச்சொல்லையும் சேர்த்து ஊட்டும் வழக்கம் உண்டு. சொல்லாமல் கொடுத்த கையைப் போற்றும் இலக்கிய நினைவும், சொல்லிவிட்டு உண்ணும் வாயை வளர்க்கும் சமய ஒழுக்கமும் ஒரே மண்ணில் அடுத்தடுத்து நிற்கின்றன. இரண்டையும் ஒப்பிட முயல்வோர்க்கு எளிதில் கிடைக்கும் பாலம் ஒன்று உண்டு: தமிழ் நூல்களின் காப்பும் கடவுள் வாழ்த்தும் எவ்வாறோ, அவ்வாறே உணவுக்கு முன் பிஸ்மில்லாஹ் என்பது அது. வகுப்பறைக்கு வசதியான இந்தப் பாலம் ஆய்வுக்கு வலுவற்றது. ஒப்பீடு தொடங்கவேண்டிய இடம் வேறு.

காப்பன்று

இஸ்லாமியத் தமிழ்ப் புலவர்கள் தம் நூல்களை இறைவாழ்த்தோடு தொடங்கினர் என்பதில் ஐயமில்லை. வண்ணப்பரிமளப் புலவரின் ஆயிரமசலா (1572) முதல் உமறுப்புலவரின் சீறாப்புராணம் வரை அம்மரபு தொடர்கிறது. தமிழ்க் காப்பிய மரபும் அரபு நூல்மரபும் அங்குக் கைகோக்கின்றன என்று கூறுவது பொருத்தமே. நூல்முகத்தில் கண்ட அவ்வொற்றுமையை அப்படியே உண்கலத்துக்கு மாற்றும்போதுதான் பிழை நேர்கிறது.

காப்பு நூலாசிரியனுக்கு உரியது. நூல் இடையூறின்றி முடியவேண்டும் என்னும் வேண்டுதல் அதன் உள்ளீடு. புலமையுடையவன் ஒருமுறை இயற்றினால் போதும்; கற்போர் அனைவரும் பின்னர் அதையே ஓதுவர். உணவுக்கு முன் கூறப்படும் பெயரோ புலமை வேண்டாதது. குழந்தையும் கிழவரும் ஒரே அளவில் கூறக்கூடியது. வேண்டுதல் அதில் வெளிப்படையாக இல்லை, போற்றுதலும் இல்லை. போற்றுதல் உணவுக்குப் பின்னர்தான் வருகிறது. ‘அல்ஹம்துலில்லாஹ்’ என உண்டபின் கூறப்படுவதே வாழ்த்து. முன்னதையும் வாழ்த்தென்று கொண்டால், உணவின் இரு முனைகளிலும் இரு வேறு சொற்களை அம்மரபு ஏன் வைத்தது என்பதற்கு விளக்கம் இல்லாது போகும்.

மறதிக்கு அளிக்கப்பட்ட இடமும் கருதத்தக்கது. தொடக்கத்தில் மறந்தவர், நினைவு வந்தபோது ‘இதன் தொடக்கத்திலும் இறுதியிலும் அல்லாஹ்வின் பெயரால்’ என்னும் பொருள்படக் கூறவேண்டும் என ஆயிஷா வழியாக அறிவிக்கப்பட்ட நபிமொழி அபூதாவூத், திர்மிதீ ஆகியோரின் தொகுப்புகளில் உள்ளது. இடையில் கூறப்பட்ட சொல் பின்னோக்கிச் சென்று தொடக்கத்தையும் தழுவிக்கொள்கிறது. நூலின் நடுவில் காப்புச் செய்யுள் பாடி முதலைச் சரிசெய்யும் வழக்கம் தமிழில் இல்லை. காப்பு, வைக்கப்படும் இடத்தால் சிறப்புறுவது. பிஸ்மில்லாஹ், நினைவால் நிலைபெறுவது.

வேற்றுமையும் எச்சமும்

இச்சொல்லின் இலக்கணம் தமிழாய்வாளருக்குத் தனிச்சுவை தரக்கூடியது. அரபுத் தொடரில் வினை இல்லை. ‘பி’ என்னும் முன்னிடைச்சொல், ‘இஸ்மு’ என்னும் பெயர், ‘அல்லாஹ்’ என்னும் இறைபெயர்: இவ்வளவே. வினை தொக்கு நிற்பதாகவே திருக்குர்ஆன் விரிவுரையாளர் கொள்வர். எந்த வினையை வருவிப்பது, அதைப் பெயருக்கு முன்னே வைப்பதா பின்னே வைப்பதா என்பது அவர்களிடையே நீண்ட ஆராய்ச்சிக்குரியதாயிற்று. செய்பவன் எச்செயலைத் தொடங்குகிறானோ அச்செயலே தொக்க வினை என்பது ஸமக்‌ஷரீ முதலியோர் கொள்கை. ஓதுபவன் கூறினால் ‘ஓதுகிறேன்’. உண்பவன் கூறினால் ‘உண்கிறேன்’. பெயரை முன்னிறுத்த வினையைப் பின்னே வருவிக்கவேண்டும் என்றும் ஸமக்‌ஷரீ கருதினார்.

தமிழ் மொழிபெயர்ப்புகள் ‘ஓதுகிறேன்’ என்றோ ‘தொடங்குகிறேன்’ என்றோ ஒரு வினையை அடைப்புக்குறிக்குள் இட்டு முடிப்பது பெருவழக்கு. மறைநூலின் அத்தியாயத் தலைப்பில் அது பொருந்தும். உணவொழுக்கத்தைப் பேசும் தமிழ்ச் சிறுநூல்களும் அதே முடிப்பைப் பின்பற்றுவது சிந்திக்கத்தக்கது. ‘தொடங்குகிறேன்’ என்று முடித்தால் சொல் தொடக்கத்தோடு நின்றுவிடுகிறது. ‘உண்கிறேன்’ என்று கொண்டாலோ கடைசிக் கவளம் வரை முழுச்செயலும் அப்பெயரின்கீழ் வருகிறது. மறந்தவர் இடையில் கூறலாம் என்னும் விதியும் இரண்டாவது பொருளிலேயே இயல்பாக அமைகிறது.

‘பி’ என்பதன் பொருளிலும் இருவகை உரை உண்டு. உதவி பெறும் கருவிப்பொருள் என்பர் ஒருசாரார். உடனிருத்தற் பொருள் என்பர் மற்றொருசாரார். தமிழ் இலக்கணம் அறிந்தவர்க்கு இது புதிதாகத் தோன்றாது. ஆல், ஆன், ஒடு, ஓடு என்பவற்றை மூன்றாம் வேற்றுமை உருபாகவும் கருவி, கருத்தா, உடனிகழ்வு என்பவற்றை அதன் பொருளாகவும் கூறும் நன்னூலார், இவ்விரண்டையும் ஒரே வேற்றுமைக்குள் அடக்கிவிட்டார். இன்றைய ‘பெயரால்’ என்னும் மொழிபெயர்ப்பு ஆலுருபைத் தேர்ந்து கருவிப்பொருளின் பக்கம் சாய்கிறது. முந்தைய இஸ்லாமியத் தமிழ் உரைநடையில் பயின்ற ‘திருநாமத்தைக் கொண்டு’ என்னும் வழக்கோ, கருவியையும் உடன்கொண்டிருத்தலையும் ஒருசேரத் தாங்குகிறது. இன்றைய தமிழ்க் காதுக்கு ‘ஒருவர் பெயரால்’ என்பது அவருக்காக, அவர் அதிகாரத்தால் என்றும் ஒலிக்கும். அதனால் உணவுமேடையில் பழைய தொடரே பொருள்நிறைவு உடையது எனலாம். பழமையானது என்பதற்காக மட்டும் அதைக் கொச்சையென ஒதுக்கிய பதிப்புப் பழக்கம் இழப்பையே தந்தது.

ஆசாரக்கோவையும் இஹ்யாவும்

உணவொழுக்கத்தைத் தனித்துப் பேசும் பழந்தமிழ் நூலைத் தேடினால் பதினெண்கீழ்க்கணக்கில் அடங்கிய ஆசாரக்கோவையிடம்தான் வரவேண்டும். பெருவாயின் முள்ளியாரின் அந்நூல், நீராடிக் கால்கழுவி வாய்பூசி உண்கலத்தைச் சுற்றி வட்டமிட்டு உண்ணவேண்டும் என்கிறது. விருந்தினர், மூத்தோர், பசு, பறவை, பிள்ளைகள் ஆகியோர்க்கு அளித்தபின்னரே உண்ண விதிக்கிறது. கிழக்கு நோக்கி அமர்தல், அசையாமை, பிறிதொன்றையும் நோக்காமை, பேசாமை, உணவைத் தொழுதல் என்பவை தொடர்கின்றன. இனியது முதலிலும் கசப்பது கடைசியிலும் வரவேண்டும்.

இதனருகே வைத்து நோக்கத்தக்கது கஸ்ஸாலீயின் இஹ்யா உலூமித்தீன். நாற்பது பகுதிகள் கொண்ட அந்நூலின் இரண்டாம் கால்பகுதி, அதாவது அன்றாட வழக்கங்களுக்கு உரிய பகுதி, உண்ணும் ஒழுக்கத்தோடுதான் தொடங்குகிறது. கை கழுவுதல், தரையில் விரித்து உண்ணுதல், அடக்கமாக அமர்தல், உணவைக் குறைகூறாமை ஆகியவை அங்கும் உள்ளன. உப்பில் தொடங்கி உப்பில் முடிக்கச் சொல்கிறார் அவர். முதற்கவளத்தில் பிஸ்மில்லாஹ் என்றும், இரண்டாவதில் ‘ரஹ்மான்’ என்பதையும், மூன்றாவதில் ‘ரஹீம்’ என்பதையும் சேர்த்தும் கூறுவது நன்று என்கிறார். பிறருக்கு நினைவூட்டும் பொருட்டு அதை உரக்கக் கூறவும் சொல்கிறார். உண்ணும்போது வாய்மூடி இருப்பது அரபியரல்லாதார் வழக்கம் என்று விலக்கி, நல்லன பேசி உண்ணுமாறு பரிந்துரைக்கிறார்.

இனிப்பும் கசப்பும், உப்பும் உப்பும் என்னும் வேறுபாட்டை வட்டார நாவின் வேறுபாடாக விட்டுவிடலாம். விட்டுவிட முடியாதது பேச்சின் நிலை. ஆசாரக்கோவை தொழுகிறது, ஆனால் பேசுவதில்லை. அதன் தூய்மை வட்டத்தால், திசையால், மௌனத்தால் அமைகிறது. இஹ்யாவின் உணவு சொல்லால் திறந்து சொல்லால் மூடுகிறது. இடையிலும் பேச்சு ஓடுகிறது. ஆசாரக்கோவையில் உணவே தொழப்படுகிறது. நபிமொழி மரபில் உணவு தொழப்படுவதில்லை. அதைத் தந்தவன் பெயர் கூறப்படுகிறது. இரு நூல்களையும் ‘உணவைப் புனிதமாகக் கருதுபவை’ என ஒரே வரியில் இணைத்துவிடும் ஒப்பீடு இரண்டுக்கும் நீதி செய்வதாகாது.

ஒரு தட்டும் பல கலமும்

ஒப்பீடு பயன்தரும் இடம் கொடையும் கூட்டுண்ணலும் ஆகும். நபியின் வளர்ப்பில் இருந்த சிறுவர் உமர் இப்னு அபீஸலமாவின் கை உணவுத்தட்டில் அங்குமிங்கும் அலைந்தபோது அவருக்குக் கூறப்பட்ட மூன்று அறிவுரைகள் புகாரீ, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் உள்ளன: இறைபெயரைக் கூறு, வலக்கையால் உண், உனக்கு அருகில் இருப்பதிலிருந்து உண். தமிழில் இம்மூன்றும் மூன்று தனித்தனி விதிகளாகவே பட்டியலிடப்படுகின்றன. மூன்றாவது விதி ஒரு பொதுத்தட்டை முன்னிறுத்துகிறது என்பதைப் பட்டியல் மறைத்துவிடுகிறது. ஆளுக்கொரு வாழையிலை போடும் பந்தியிலும், கேழ்வரகுக் களியை ஆளுக்கோர் உருண்டையாக வைக்கும் தருமபுரி வட்டாரத்து உணவிலும் ‘அருகில் உள்ளதை உண்’ என்பதற்கு வேலையே இல்லை. பலர் கை ஒரே தட்டில் இறங்கும்போதுதான் அது அடுத்தவர் பங்கைக் காக்கும் நெறியாகிறது. அவ்வாறாயின் முதல் விதியும் தனியொருவன் தன் இறைவனோடு கொள்ளும் உரையாடல் மட்டுமன்று; அடுத்திருப்பவர் முன்னிலையில் கூறப்படும் சொல் அது.

இதற்கு வலுவான சான்று வஹ்ஷீ இப்னு ஹர்பு வழியாக அபூதாவூதில் இடம்பெறும் நபிமொழி. உண்டும் வயிறு நிறையவில்லை என்று தோழர்கள் முறையிட்டனர். தனித்தனியே உண்கிறீர்கள் போலும் என்று கேட்ட நபி, கூடி உண்ணவும் இறைபெயர் கூறவும் சொன்னார். அதில் வளம் உண்டாகும் என்றார். பசி தீராமைக்கு இரு மருந்துகள் ஒரே மூச்சில் தரப்படுகின்றன. கூடுதலையும் கூறுதலையும் இம்மொழி பிரிக்கவில்லை. ஒரு கூட்டத்தில் ஒருவர் கூறினும் அனைவருக்கும் நிறைவேறும் என்னும் ஷாஃபிஈ கருத்தை நவவீ எடுத்துரைக்கிறார். ஒவ்வொருவரும் கூறுவதே சிறப்பு என்றும் சேர்க்கிறார். சொல் பொதுவாக முடிவது தட்டு பொதுவாக இருப்பதால்தான்.

இங்கிருந்து பார்த்தால் ஔவையின் கையறுநிலைப் பாடல் மிக அருகில் வந்துவிடுகிறது. சிறுசோற்றிலும் பல கலங்களை வைத்தவன் அதியமான். குறைவு வந்தபோதும் பங்கு குறையவில்லை என்பதே அங்குப் புகழின் உச்சி. நபிமொழியிலும் குறைவே தொடக்கம், பகிர்வே விடை. வேறுபாடு பகிர்வை நிலைநிறுத்தும் கருவியில் இருக்கிறது. தகடூரில் அதை நிலைநிறுத்துவது கொடையாளியின் பெருமனம். அவன் இறந்ததும் பாணர் கையின் மண்டை துளைபடுகிறது, உலகம் வறிதாகிறது, ஔவை அழுகிறாள். நபிமொழியில் பகிர்வு ஒரு தலைவனின் உயிரைச் சார்ந்திருப்பதில்லை. யார் உண்ணினும், எவ்வளவு எளிய வீடாயினும், ஒரு சொல்லும் ஒரு தட்டும் போதும். வள்ளல் மரபையும் வழக்க மரபையும் பிரிக்கும் கோடு இதுவே. தமிழ்ப் பாட்டு இழப்பின் அழகைப் பெற்றது. அறவழக்கு தொடர்ச்சியைப் பெற்றது. எது உயர்ந்தது என்னும் கேள்விக்கு இங்கே இடமில்லை.

நபியின் ஹிஜ்ரத் பயணத்தில் உம்மு மஅபத் என்னும் பெண்ணின் கூடாரத்தில் நிகழ்ந்ததும் இவ்வகையிலேயே படிக்கத்தக்கது. பால்வற்றிய ஆட்டின் மடியை நபி இறைபெயர் கூறித் தடவினார், பால் சுரந்தது. முதலில் அப்பெண்ணுக்கும் பின்னர் உடன்வந்தோர்க்கும் அளித்து, இறுதியில் தாம் பருகினார் என்று நபி வரலாற்று நூல்கள் கூறும். உமறுப்புலவர் சீறாப்புராணத்தின் ஹிஜ்றத்துக் காண்டத்தில் இதற்கென உம்மி மகுபதுப் படலம் அமைத்துள்ளார். இந்நிகழ்ச்சி பெரும்பாலும் அற்புதம் என்னும் தலைப்பின்கீழ் வைக்கப்படுகிறது. வற்றிய மடி சுரந்தது அற்புதமே. ஆயினும் பருகிய வரிசையே அந்நிகழ்ச்சியின் உணவொழுக்கம். பெயர் முதலில் கூறப்பட்டது. கூறியவர் பங்கு கடைசியில் வந்தது. விருந்தினனாக வந்தவர் விருந்து செய்பவராக மாறும் இத்திருப்பம், விருந்தோம்பலைக் காப்பிய உறுப்பாகவே கொண்ட தமிழ்ப் புலவருக்கு உவப்பான களம். அற்புதக் கணக்கெடுப்பில் அது காணாமற் போகிறது.

கடற்கரையும் உள்நாடும்

தருமபுரியைக் களமாகக் கொள்ளும் ஆய்வு கவனிக்கவேண்டிய இன்னொரு செய்தி, நூல்களின் பிறப்பிடம். மாலை, மசலா, நாமா, கிஸ்ஸா, படைப்போர், முனாஜாத் என விரியும் இஸ்லாமியத் தமிழ் வகைமைகளிலும் அரபுத்தமிழ் நூல்களிலும் காயல்பட்டினம், கீழக்கரை முதலான கடற்கரை ஊர்களின் பங்கு மிகப் பெரிது. கீழக்கரையில் வாழ்ந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அரபுத்தமிழில் ஆக்கிய சட்டநூல்கள், தமிழ் முஸ்லிம்களின் அன்றாட ஒழுக்கத்தை அறிய முதன்மைச் சான்றுகள். அவை ஷாஃபிஈ சட்டமரபைச் சார்ந்தவை.

தருமபுரியின் நிலை வேறு. பாராமகால் எனப்பட்ட நிலப்பகுதியைச் சேர்ந்த அது, ஹைதர் அலி, திப்பு சுல்தான் ஆட்சியில் மைசூரோடு இணைந்திருந்தது. 1792ஆம் ஆண்டின் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. 1965இல் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமாகி, 2004இல் கிருஷ்ணகிரியைப் பிரித்துக் கொடுத்தது. இவ்வட்டார முஸ்லிம்களில் தக்கனி உருதுவை வீட்டுமொழியாகக் கொண்டோரும் ஹனஃபி சட்டமரபினரும் மிகுதி. தஸ்தர்கான் என்னும் விரிப்பின்மீது உணவு வைக்கும் வழக்கம் அவர்களது தக்காணத் தொடர்பின் அடையாளம். இவர்களது உணவொழுக்கத்தை விளக்கக் கீழக்கரை நூலை மட்டும் மேற்கோள் காட்டுவது, நெய்தல் பாட்டைக் கொண்டு குறிஞ்சியை விளக்குவது போலாகும். தக்காண முஸ்லிம் வழக்கங்களை ஜாஃபர் ஷரீஃப் விரித்தெழுத, ஹெர்க்லாட்ஸ் மொழிபெயர்த்து 1832இல் லண்டனில் வெளியிட்ட ‘கானூனே இஸ்லாம்’ இங்கு அருகில் வைத்துப் படிக்கவேண்டிய நூல். நான்கு ஆண்டு, நான்கு மாதம், நான்கு நாள் நிரம்பிய குழந்தைக்குப் பிஸ்மில்லாஹ் சொல்லிக்கொடுத்துக் கல்வி தொடங்கும் சடங்கு அதில் இடம்பெறுகிறது. உணவுக்கு முன் கூறும் அதே தொடர் எழுத்துக்கு முன்னும் கூறப்படும் சமூகத்தில், வாயும் கையும் ஒரே சொல்லால் பழக்கப்படுகின்றன.

உணவின் முன் கூறுவது நபிவழி என்பதில் இரு சட்டமரபுகளும் ஒன்றே. ஆதலால் அதனளவில் கடற்கரை நூல் தருமபுரிக்கும் பொருந்தும். விலங்கை அறுக்கும்போது கூறும் பெயரில்தான் வழி பிரிகிறது. வேண்டுமென்றே கூறாது விட்டால் அவ்விறைச்சி ஆகாது என்பது ஹனஃபி நிலை. கூறுதல் சிறப்புடைய நபிவழி, விடுபட்டாலும் இறைச்சி விலக்கப்படாது என்பது ஷாஃபிஈ நிலை. அறுப்பின் பெயரையும் உணவின் பெயரையும் ‘பிஸ்மில்லாஹ் கூறுதல்’ என்னும் ஒரே தலைப்பில் கலந்து எழுதும் கட்டுரைகள், ஒன்றின் கட்டாயத்தை மற்றொன்றின்மீது ஏற்றிவிடுகின்றன. இறந்தோர் பொருட்டு உணவின்மீது ஃபாத்திஹா ஓதும் வழக்கத்தையும் இதனோடு சேர்ப்பது மேலும் குழப்பம். தென்புலத்தாரையும் தெய்வத்தையும் விருந்தையும் ஒருங்கு நிறுத்தும் குறளை அவ்வழக்கத்தோடு ஒப்பிடலாம். முஸ்லிம்களுக்குள்ளேயே விவாதத்துக்குரிய அவ்வழக்கம் வேறு, அனைவரும் ஏற்கும் இச்சொல் வேறு.

பல சமயத்தாரும் ஒருவர் வீட்டு விருந்துக்கு ஒருவர் செல்லும் ஊர்களில் இந்த வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. பிஸ்மில்லாஹ்வைப் பிறர் உணவை ஐயுறும் சோதனையாக ஒரு கட்டுரை எழுதிவிட்டால், படிப்பவர் அதையே அண்டைவீட்டாரின் மனநிலையாகக் கொள்வர். புகாரீயில் ஆயிஷா அறிவிக்கும் நிகழ்ச்சி இத்தகைய வாசிப்புக்கு இடந்தரவில்லை. அண்மையில் இஸ்லாத்தைத் தழுவிய சிலர் இறைச்சி கொண்டுவருகின்றனர். அறுக்கையில் பெயர் கூறினரா என்பது தெரியவில்லை என்று நபியிடம் முறையிடப்பட்டது. நீங்கள் பெயர் கூறி உண்ணுங்கள் என்பது விடை. கொண்டுவந்தோர் முஸ்லிம்கள், ஆதலால் யார் அறுத்ததையும் உண்ணலாம் என்று இதனை விரிப்பது நிகழ்ச்சியின் எல்லையைக் கடப்பதாகும். ஆயினும் விடையின் திசை தெளிவானது. கேட்டவர்கள் அடுத்தவர் வாயைப் பற்றிக் கேட்டனர். விடை அவர்கள் வாய்க்கே திரும்பி வந்தது.